யாருடைய பாட்டு மருந்தாகிறது?

(‘அலைவ் இன்சைட்’ ஆவணப்படத் திரையிடலுக்குப் பிறகு மாணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

தோழர்களே,

விளக்கைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனால் கண்ணீரோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் இந்தப் படம் நம்மை லேசாக ஏமாற்றிவிடும் என்று நினைக்கிறேன். இது நல்ல படம்தான். நல்ல படமாக இருப்பதால்தான் அதோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

தாமதமாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ரோசாட்டோ பென்னட் எடுத்த படம். 2014இல் சன்டான்ஸ் படவிழாவில் அமெரிக்க ஆவணப்படங்களுக்கான பார்வையாளர் விருதை வாங்கியது. டான் கோஹன் என்கிற சமூகப் பணியாளர் முதியோர் இல்லங்களுக்குப் போகிறார். கையில் ஒரு ஐபாட், ஒரு ஜோடி ஹெட்ஃபோன். மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளையைக்கூட அடையாளம் தெரியாமல் தலை கவிழ்ந்து கிடக்கிறவர்களுக்கு, அவர்கள் இளவயதில் கேட்ட பாட்டு எதுவென்று விசாரித்து, அதை ஏற்றிக் காதில் மாட்டுகிறார். அவ்வளவுதான். வேற வித்தை எதுவும் கிடையாது.

சக்கர நாற்காலியில் இருந்த அந்தக் கறுப்பினப் பெரியவரைப் பார்த்தீர்கள். அந்தத் துண்டுக் காட்சி படம் வெளிவருவதற்கு முன்பே, 2012இல், இணையத்தில் பரவி லட்சக்கணக்கான பேர் பார்த்தது. பல வருஷமாக அந்த இல்லத்தில் இருக்கிறவர். கேட்டால் ஒரு வார்த்தை, இல்லையென்றால் அதுவும் கிடையாது. ஹெட்ஃபோனை மாட்டியதும் கண் விரிகிறது, உடம்பு ஆடுகிறது, குரல் எழும்புகிறது. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகு நடப்பதுதான் விஷயம். கேள்வி கேட்டால் பதில் வருகிறது. உங்களுக்குப் பிடித்த பாடகர் யார் என்றால் கேப் கேலோவே என்கிறார். அவரைப் போலவே பாடியும் காட்டுகிறார். பாட்டு அவருக்கு என்ன செய்கிறது என்று முழு வாக்கியங்களில் சொல்கிறார். படத்தில் பேசும் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், 2007இல் ‘மியூசிகோஃபிலியா’ எழுதியவர், இதை அந்த மனிதர் கொஞ்ச நேரத்துக்குத் தன்னிடமே திரும்பி வருவதாக விளக்குகிறார்.

சரி. கேப் கேலோவே யார்? படம் அந்தப் பெயரை ஒரு இனிய பழைய நினைவாக மட்டும் கடந்து போய்விடுகிறது. நாம் கடந்து போகக்கூடாது.

நியூயார்க்கில் ஹார்லெம் என்கிற கறுப்பர் பகுதி. அங்கே 1923இலிருந்து 1930களின் நடுப்பகுதிவரை காட்டன் கிளப் என்று ஒரு இரவு விடுதி நடந்தது. மேடையில் வாசித்தவர்கள், ஆடியவர்கள், மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் எல்லாரும் கறுப்பர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்கள் வெள்ளையர்கள். கறுப்பர்களின் தெருவிலேயே கறுப்பர்களுக்கு உள்ளே இடமில்லை. விடுதியின் அலங்காரமே தெற்கத்திப் பண்ணை வீடு மாதிரி. தாத்தன் அடிமையாக நின்ற முற்றத்தைப் பேரன் வாசிக்கிற மேடையாகக் கட்டி வைத்திருந்தார்கள். டியூக் எலிங்டன் அங்கேதான் வாசித்தார். அவருக்குப் பின்னால் 1930களின் தொடக்கத்தில் வந்தவர் கேப் கேலோவே. ‘ஹை டி ஹோ மனிதர்’ என்று பட்டப்பெயர். சொல் இல்லாத வெறும் அசைகளை அவர் வீச, கூட்டம் திருப்பி வீசும். ஒருத்தர் அழைக்க, எல்லாரும் பதில் சொல்வது. பருத்திக் காட்டில் கறுப்பர்கள் வேலை செய்தபோது பாடிய அதே கட்டமைப்பு.

அந்த விடுதி நிகழ்ச்சிகளை வானொலி நாடு முழுக்க ஒலிபரப்பியது. அந்தக் காலத்தில் இளைஞனாக இருந்த ஒரு கறுப்பர், வாசற்படி ஏற முடியாத இடத்திலிருந்து வந்த தன் ஆட்களின் குரலை வானொலிப் பெட்டியில் கேட்டிருப்பார். எங்கப்பா சொல்லும்: பஞ்சாயத்து ரேடியோ ஊர்ல இருந்துச்சு, கொழா நம்ம பக்கம் திரும்பி இருந்தா நமக்குக் கேக்கும், இல்லாட்டி காத்து அடிக்கிறப்பதான் கேக்கும்னு. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து காத்துக்காகக் காத்திருந்து பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே தோழர்களே, ‘இளவயதில் கேட்ட பாட்டு’ என்பது அத்தனை வெள்ளந்தியான சொல் இல்லை. யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதும் அந்தப் பாட்டோடு சேர்ந்துதான் மூளையில் பதிகிறது.

இனி மூளைக்கு வருவோம். மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அறிவியல் நமக்கு விரோதி இல்லை. அறிவியலை எவன் கையில் வைத்திருக்கிறான் என்பதுதான் நம்ம சண்டை.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்கிற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். அந்த ஆளுக்கு ‘டான்’ என்கிற ஒரே அசைதான் வாயில் வரும். இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தால் இடது பக்க முன்பகுதியில் சிதைவு. பேச்சை உருவாக்குகிற இடம் அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே, 1745இல், ஓலோஃப் டாலின் என்கிற சுவீடன்காரர் ஒரு விசித்திரத்தை எழுதி வைத்திருந்தார். வலப்பக்கம் விழுந்து பேச்சுப் போன ஒருவர், தனக்குப் பழக்கமான தேவாலயப் பாடல்களை மட்டும் சொல் பிசகாமல் பாடினார். பேச முடியாது, பாட முடியும். இதை வைத்து 1973இல் அமெரிக்காவில் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் மூவரும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார்கள். சாதாரண வாக்கியத்தை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடுவது. ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையால் மேசையைத் தட்டுவது. ‘தண்ணி வேணும்’ என்பதை முதலில் ராகமாக, பிறகு பாதி ராகமாக, கடைசியில் பேச்சாக. மூளையின் இடப்பக்கம் அடைபட்ட பாதைக்கு வலப்பக்கத்தில் மாற்றுப்பாதை போடுகிற வேலை என்று பிற்பாடு காட்ஃபிரீட் ஷ்லாக் போன்றவர்கள் மூளைப் படங்களோடு காட்டினார்கள். 2011இல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க மக்கள் பிரதிநிதி கேப்ரியேல் கிஃபோர்ட்ஸ், பேச்சைத் திரும்பப் பெற்றதில் இசைச் சிகிச்சைக்கும் பங்கு உண்டு.

இது பக்கவாதத்தில், காயத்தில் பேச்சுப் போனவர்களின் கதை. மறதி நோய் வேறு. அல்சைமர் நோயில் அண்மை நினைவு முதலில் போகும், பழசு பின்னால் போகும். 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள், நெடுநாள் பழகிய பாட்டின் நினைவு பதிந்திருக்கிற மூளைப் பகுதிகளில் அல்சைமர் சிதைவு ஒப்பீட்டளவில் தாமதமாகவும் குறைவாகவும் ஏற்படுவதைக் காட்டினார்கள். வீடு முழுக்க இடிந்த பிறகும் ஒரு மூலைச் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரில்தான் பாட்டு மாட்டியிருக்கிறது. நோய் குணமாவதில்லை, இதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். படத்தில் யாருக்கும் அல்சைமர் தீர்ந்துவிடவில்லை. சிதைவு நிற்கவும் இல்லை. ஆள் கொஞ்ச நேரம் வந்து நம்மோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். இதைக் குணமாக்கல் என்று சொல்லலாமா? நான் சொல்வேன். காய்ச்சல் இறங்குவது மட்டும்தான் குணம் என்பது மருத்துவமனையின் இலக்கணம்.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பில் தாமஸ். முதியோர் மருத்துவர். மாதம் ஆயிரம் டாலர் மாத்திரையை நான் எழுதிக் கொடுத்தால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு நோயாளிக்குச் சொந்தமாகப் பாட்டுப் பெட்டி வேண்டுமென்றால் அது மருத்துவக் கணக்கில் வராது என்கிற மாதிரிச் சொல்கிறார். டான் கோஹன் பணத்துக்காக வாசல் வாசலாகப் போய் நிற்பதைப் பார்த்தீர்கள். உலகத்திலேயே பணக்கார நாடு. பாட்டுக்குக் காசில்லை. அமெரிக்காவில் முதியோர் இல்லங்கள் பெருகியதே 1965க்குப் பிறகு, அரசு மருத்துவ உதவித் திட்டங்களின் பணம் அவற்றுக்குள் பாயத் தொடங்கிய பிறகுதான். அதனால் இல்லத்தின் அமைப்பே ஆஸ்பத்திரி அமைப்பு. நீளமான தாழ்வாரம், நர்சு மேசை, மாத்திரை வண்டி. கிழவர் சத்தம் போட்டால் மாத்திரை, எழுந்து நடந்தால் மாத்திரை. மனநோய்க்கான சில மருந்துகளை மறதி நோய் வந்த முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே மருந்து அட்டையில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது. பிறகும் கொடுப்பது நிற்கவில்லை. அமைதியாக இருக்கிற உடம்புதான் நிர்வாகத்துக்கு வசதி. சத்தம் போடுகிற உடம்பை அடக்குவதுதான் அதிகாரம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தாழ்வாரத்தைப் பாருங்கள்.

அந்த இல்லங்களில் மலம் அள்ளுகிற, புரட்டிப் படுக்க வைக்கிற, சோறு ஊட்டுகிற பெண்களையும் பாருங்கள். கறுப்பினப் பெண்களும் பிற நாடுகளிலிருந்து வந்த பெண்களும் ரொம்பப் பேர். சம்பளம் சொற்பம். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டப் போவது அவர்கள் கைதான். படம் டான் கோஹனின் முகத்தில் நிற்கிற நேரத்தில் பாதியாவது இவர்கள் முகத்தில் நின்றிருக்கலாம். எல்லா இடத்திலும் இப்படித்தான். பராமரிக்கிறவ பின்னால நிப்பா, கண்டுபிடிச்சவர் முன்னால நிப்பார்.

இந்த முறை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 54 முதியோர் இல்லங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டதால் நோயாளிகளின் கொந்தளிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. படத்தைப் பார்த்து உருகியவர்களுக்கு இது கசக்கும். எனக்குக் கசக்கவில்லை. படத்தில் வேலை செய்தது ஐபாட் மட்டுமா? ஒரு மனிதர் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, ‘உனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?’ என்று கேட்டாரே, அது? பாட்டு முடிந்ததும் கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாரே, அது? இருபது பேருக்கு ஒரு ஊழியர் என்று ஓடுகிற இடத்தில் பெட்டியை மட்டும் காதில் மாட்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினால் அது இன்னொரு மாத்திரை, அவ்வளவுதான். இது என் அனுமானம், ஆய்வின் முடிவு அல்ல. விவாதிக்கலாம்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். 2023இல் வெளியான ஒரு அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காடு பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம். யாருக்கு அதிகம்? பெண்களுக்கு, கிராமத்தாருக்கு, பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் யார் என்று இந்த அரங்கத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்க விடாததன் தண்டனை எழுபது வயதில் மூளையில் வந்து இறங்குகிறது.

டான் கோஹன் நாளைக்கு நம்ம தெருவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் இருக்கிறது. என்ன பாட்டை ஏற்றுவார்? இளவயதில் இந்த அம்மா என்ன பாட்டுக் கேட்டது? அது பாட்டுக் ‘கேட்டது’ கம்மி, பாடினதுதான் ஜாஸ்தி. நடவில் பாடியது, களையெடுப்பில் பாடியது, பிள்ளையை ஏணையில் போட்டுப் பாடியது, சாவில் பாடியது. டூரிங் டாக்கீஸ் பாட்டும் நெஞ்சில் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உடம்போடு ஒட்டியது எது? குனிந்து நாத்து ஊன்றுகிற தாளத்தோடு சேர்ந்து வந்த பாட்டு. அது எந்த இசைத்தட்டில் இருக்கிறது? எந்தக் கேசட்டில்? கேலோவேக்கு வாசல் மூடியிருந்தாலும் ஒலிவாங்கி இருந்தது. அவர் குரல் தட்டில் ஏறியது. அதனால்தான் எண்பது வருஷம் கழித்து ஒரு கிழவரின் காதில் மருந்தாக இறங்க முடிந்தது. நம்ம அம்மாக்கள் குரலுக்கு அதுகூட இல்லை.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கவில்லையா என்று கேட்பீர்கள். தொகுத்தார்கள். நா. வானமாமலை போன்றவர்கள் செய்த வேலை பெரிய வேலை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கையில் இருக்கிற புத்தகங்களில் சொல் இருக்கிறது, குரல் இல்லை. மறதி நோய் வந்த ஒரு அம்மாவின் காதில் புத்தகத்தை மாட்ட முடியாது. சொல்லுக்கு மதிப்பு, குரலுக்கு மதிப்பில்லை என்பது எழுத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவனின் அளவுகோல். குரலில்தான் ஆள் இருக்கிறாள். இழுக்கிற இடம், மூச்சு வாங்குகிற இடம், அழுகை முட்டுகிற இடம், இதெல்லாம் அச்சுக் கோக்க முடியாத சமாச்சாரம்.

எங்க பெரியம்மா விஷயத்தைச் சொல்கிறேன். திண்டிவனம் பக்கம். எங்க தெருவில் ஒப்பாரிக்கு அது பேர் போனது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, வலது கைகால் விழுந்துபோச்சு. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள், ‘இனிமே பேச்சு வராது, கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். பேச்சுப் பயிற்சி என்று ஒன்று உண்டு, அதற்கு ஆள் உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னவர்கள் இல்லை. வீட்டில் ஆறு மாசம் ‘ஆ, ஆ’ என்கிற சத்தம்தான். பிள்ளைங்களுக்குப் புரியாது, அதுக்குக் கோபம் வரும், தட்டை எறியும். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தது. பொம்பளைங்க எல்லாம் போய் உட்கார்ந்து ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் கை போட்டு அழுகிறார்கள். பெரியம்மாவையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரமா உட்கார வைத்தோம். மூன்றாவது அடியோ நாலாவது அடியோ, சுவரோரத்திலிருந்து குரல் வருகிறது. தெளிவான சொல். செத்தவங்க பேரைச் சொல்லி, முறை சொல்லி, முழு அடி. அழுதுக்கிட்டிருந்தவங்க அழுகையை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து ‘தண்ணி’ன்னு கேக்கச் சொன்னா வரல.

ஊரில் இதை ஆவேசம் என்றார்கள். ஒருத்தர் செத்தவரின் ஆவி என்றார். டாலின் 1745இல் எழுதியதைத்தான் நாங்கள் அன்றைக்குச் சாவு வீட்டில் பார்த்தோம் என்று எனக்குத் தெரிய வந்தது ரொம்பப் பின்னால். அதற்குள் பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஒப்பாரி ராகத்தில் ‘தண்ணி வேணும்’ என்பதை ஏற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தால், இடது கையால் திண்ணையைத் தட்டவிட்டிருந்தால், பத்துச் சொல்லாவது மீண்டிருக்கலாம். வராமலும் போயிருக்கலாம், இந்தப் பயிற்சி எல்லாருக்கும் பலிப்பதில்லை. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்கிற செய்தி அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி எங்க தெருவுக்கு வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாஸ்டனில் வகுத்த முறை. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தெரிந்த ஒரு ஆள் வேண்டும், அவருக்கு நேரம் வேண்டும்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். பாட்டு என்றாலே, ஒலி என்றாலே குணம் என்று இந்தப் படம் கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறது. இதை நான் ஏற்கவில்லை. இங்கே பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் நம்ம பிள்ளைகள் பறை அடிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அடிக்கிற பெண்பிள்ளையின் நிமிர்ந்த முதுகைப் பார்த்தால் அதுவே சிகிச்சை என்று தோன்றுகிறது. ஸோயி ஷெரினியன் என்கிற அமெரிக்க இசை ஆய்வாளர் 2011இல் எடுத்த ‘திஸ் இஸ் அ மியூசிக்’ என்கிற ஆவணப்படம், இழிவென்று ஒதுக்கப்பட்ட பறையை அதை அடிக்கிறவர்களே கலையாக மீட்டெடுப்பதைப் பற்றியது. தேடிப் பாருங்கள். ஆனால் எங்கப்பாவுக்குப் பறைச் சத்தம் கேட்டால் உடம்பு சுருங்கும். அவருக்கு அது ஊர்க்காரன் சாவுக்கு ராத்திரியில் வந்து ‘டேய்’ என்று கதவைத் தட்டிய சத்தம். விடிய விடிய அடித்துவிட்டு, தூரத்தில் நின்று, துண்டை ஏந்தி நெல் வாங்கிய சத்தம். இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்திய ஊர்கள் நம் வரலாற்றில் உண்டு. கொளுத்தியது அறியாமை என்று இப்போது சில கலை ரசிகர்கள் எழுதுகிறார்கள். அவங்க வீட்டுக் கதவை ராத்திரியில யாரும் தட்டல.

எங்கப்பாவுக்கு நாளைக்கு மறதி வந்து, ஒரு நல்ல மனசுக்காரத் தொண்டர் வந்து, ‘இவர் பறையர், இவருக்குப் பறை போடுங்க’ என்று காதில் மாட்டினால் என்ன ஆகும்? தப்பி ஓட வாயும் இல்லை, காலும் இல்லை. அந்த ராத்திரி முழுசாகத் திரும்பி வரும். நோயாளி கொந்தளிக்கிறார் என்று எழுதி மாத்திரை கொடுப்பார்கள். பாட்டு கதவைத் திறக்கிறது என்பது சரி. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது சாதியைப் பொறுத்தது. இதைக் கேட்காத எந்த ஒலிச் சிகிச்சையும் நம்மைப் பொறுத்தவரை பாதிச் சிகிச்சைதான்.

இன்னொரு சங்கதி, ஹெட்ஃபோன். படத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காது. அந்தச் சமூகத்தின் அமைப்பு அப்படி. அறை தனி, தட்டு தனி, நினைவும் தனி. நம்ம பாட்டுகளில் பலது தனியாளுக்கு ஆனது இல்லை. நடவில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க வரிசையே திருப்பிப் பாட வேண்டும். ஒப்பாரியில் ஒரு தோள் வேண்டும். பெரியம்மாவுக்குக் குரல் வந்தது பெட்டியைக் கேட்டு இல்லை, பத்துப் பொம்பளைங்க நடுவில் தன் முறை வந்ததால். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்றால் உங்களில் பலருக்குத் தெரியும், 2005இல் காலமானார். நாட்டுப்புற இசைதான் ஒடுக்கப்பட்டவர்களுக்கான இசை, ஏனென்றால் பாடுகிறவர்கள் அதைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும் என்று விடாமல் வாதாடியவர். ஞாபகம் போய்ச் சொல்லை மாற்றிப் பாடுகிற கிழவிக்கு இதைவிடத் தோதான இசை எது? கச்சேரியில் சொல் தவறினால் பிழை. நடவில் சொல் தவறினால் சிரிப்பு, அடுத்த அடி.

வேலைக்கு வருகிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்கள் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. நோய் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. இப்போதே உங்க ஆயா, அத்தை, சித்தப்பா குரலைப் பதிவு செய்யுங்கள். தொகுப்புப் போடுவதற்காக அல்ல, பட்டத்துக்கான ஆய்வுக்காகவும் அல்ல. அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதற்காக. கோப்பின் தலையில் பாடியவர் பெயரைப் போடுங்கள், ‘ஒரு மூதாட்டி’ என்று போடாதீர்கள். ‘பாடு பாடு’ என்று நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் வராது. கூட இரண்டு பேரை உட்கார வைத்து, கையில் முறத்தையோ, கிள்ளுவதற்குக் கொஞ்சம் கீரையையோ கொடுத்தால் வரும். இடையில் நிறுத்தி அர்த்தம் கேட்காதீர்கள். பின்னணியில் கோழி கத்தினால் கத்தட்டும், ஆட்டை அதட்டினால் அதட்டட்டும், வெட்டி எறியாதீர்கள். ஒருவேளை பத்து வருஷம் கழித்து அந்த அதட்டலைக் கேட்டுத்தான் அவர் தலை நிமிரும்.

பிடித்த பாட்டு எது என்று கேட்கிற மாதிரியே, எந்தச் சத்தம் பிடிக்காது என்றும் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தயங்குவார்கள். பேரப்பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருக்கும். கட்டாயப்படுத்த வேண்டாம், இன்னொரு நாள் கேட்கலாம்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பேச்சுப் பயிற்சிக்கு ஆள் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதி வாங்குங்கள். நாலு ஊரிலிருந்து அப்படி நாலு தாள் சேர்ந்தால் அதை வைத்து மனுக் கொடுக்கலாம். மனு எழுத வழக்கறிஞர் தோழர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் பேசிவிட்டேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு. தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் கேட்கட்டும்.